கொதிக்க வைத்தாலும் போகாத பச்சை

எங்கள் குடும்பத்தில் தண்ணீருக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. கொதிக்க வைத்துக் குடி. என் அம்மா அதைப் பித்தளைத் தவலையில் செய்தாள். என் மனைவி எவர்சில்வர் பாத்திரத்தில் செய்கிறாள். 1978-ல் ரயில்வே வேலை கிடைத்து நான் செகந்திராபாத் வந்து சேர்ந்தபோது அம்மாவிடமிருந்து வந்த முதல் கடிதத்தில் நலம் விசாரிப்பதற்கு முன்பே இருந்த வரி, "ஊர் புதுசு, தண்ணி புதுசு, காய்ச்சாமல் குடிக்காதே" என்பதுதான். டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு எல்லாவற்றுக்கும் எங்களிடம் இருந்த ஒரே ஆயுதம் அடுப்பு. குழாய்த் தண்ணீர் மேல் எத்தனையோ முறை நம்பிக்கை போயிருக்கிறது. அடுப்பின் மேல் போனதில்லை.

2014 ஆகஸ்ட் 2-ம் தேதி, சனிக்கிழமை காலையில் அதுவும் போனது. போன இடம் செகந்திராபாத் அல்ல. அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில், டொலீடோ என்கிற ஊர்.

மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் போயிருந்தோம். பேத்தி பிறந்து பதினெட்டு நாள். தாய்ப்பால் போதவில்லை என்று டாக்டர் சொன்னதால் இரவில் மட்டும் புட்டிப்பால். பால் பவுடரைக் கரைக்கும் தண்ணீர் என் மனைவியின் இலாகா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழாயில் பிடித்து, இருமடங்கு எச்சரிக்கையாகப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆற்றி, பிளாஸ்க்கில் ஊற்றி வைத்திருந்தாள். இரவு பதினொரு மணிக்கு ஒரு புட்டி. விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு புட்டி.

காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை கையில் போனோடு சமையலறைக்கு வந்தார். முகம் சரியில்லை. நகரக் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று நள்ளிரவு தாண்டி அறிவிப்பு வந்திருக்கிறது என்றார். மனைவி பதற்றப்படவில்லை.

"அதுக்கென்ன மாப்பிள்ளை, இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்க வெச்சாப் போச்சு."

"இல்லை அத்தை. கொதிக்க வைக்கவே கூடாதுன்னு போட்டிருக்காங்க. கொதிக்க வெச்சா இன்னும் அதிகமாகுமாம்."

அவள் அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அடுப்பில் அப்போதுதான் அடுத்த பாத்திரம் ஏறியிருந்தது. அவள் கை தானாகப் போய் அதை அணைத்தது. பிறகு அவள் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை: "அப்ப ராத்திரி குடுத்தது?"

டொலீடோ நகரம் தண்ணீர் எடுப்பது ஈரி என்கிற பெருஏரியிலிருந்து. (ஈரி ஏரி என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும்.) கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஏரிக்குள் நகரத்தின் உறிஞ்சு நிலையம் இருக்கிறது. கோடையில் அந்த ஏரியின் மேற்குப் பகுதியில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பசும் பாசி பெருகும். பாசி என்று நாம் சொன்னாலும் அது தாவரம் இல்லை. சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் ஒரு வகை பாக்டீரியா. அதன் உடலுக்குள் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு உண்டாகிறது. ஈரலைத் தாக்கும் நஞ்சு. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் குடிநீரில் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. டொலீடோவின் சுத்திகரித்த தண்ணீரில் அந்த அளவு தாண்டியிருந்தது.

கொதிக்க வைப்பது ஏன் உதவாது? கிருமியானால் சூட்டில் செத்துப்போகும். இது கிருமியால் வரும் நோய் அல்ல, கிருமிக்குள் இருக்கும் விஷம். சூட்டில் பாசியின் செல் வெடிக்கிறது, உள்ளே இருப்பது தண்ணீரில் கலக்கிறது. நஞ்சோ நூறு டிகிரிக்கு அசையாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மிச்சத்தில் அதன் செறிவு கூடுகிறது. பத்து நிமிடம் கூடுதலாகக் கொதிக்கவிட்டது என் மனைவியின் அக்கறை. அந்த அக்கறைதான் அன்று அவளைக் குத்தியது.

பாசியை மருந்து போட்டுக் கொன்றுவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. அப்படிச் செய்து பார்த்த ஊர் ஒன்று உண்டு. 1979-ல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணையில் பாசி மண்டியதும் மயில்துத்தம் போட்டுக் கொன்றார்கள். பாசி செத்தது. செத்த பாசிகளின் நஞ்சு மொத்தமாகத் தண்ணீரில் இறங்கியது. 148 பேர், பெரும்பாலும் குழந்தைகள், ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அந்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் ஊரில் புட்டித் தண்ணீர் தீர்ந்துவிட்டது. நான்கு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் நம்பியிருந்த குழாய் அது. மாப்பிள்ளை வடக்கே ஆன் ஆர்பர் வரை ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர் காரோட்டிப் போய்த் தண்ணீர் வாங்கி வந்தார். உணவு விடுதிகள் மூடிக்கிடந்தன. தேசியக் காவல் படையினர் தண்ணீர் கொண்டுவந்து விநியோகித்தார்கள். பெரியவர்கள் குளிக்கலாம், குழந்தைகளைக் குளிப்பாட்ட வேண்டாம் என்று சொல்லப்பட்டது. தினமும் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி மூன்று நாள் ஈரத்துணியோடு நிறுத்திக்கொண்டாள், அதுவும் புட்டித் தண்ணீரில் நனைத்து. உலகத்தின் மிகப் பெரிய நன்னீர்த் தேக்கங்களில் ஒன்று பக்கத்தில் அலையடித்துக்கொண்டிருந்தது. செகந்திராபாதில் மே மாதம் டேங்கர் லாரிக்கு வரிசையில் நின்ற எனக்கு இது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

இரவில் தூக்கம் வராமல் கம்ப்யூட்டரைத் திறந்தது தவறு. 1996-ல் பிரேசிலில் கருவாரு என்ற ஊரில் டயாலிசிஸ் சிகிச்சைக்குப் பயன்பட்ட தண்ணீரில் இதே நஞ்சு கலந்து 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்ததைப் படித்தேன். அது நேராக ரத்தத்தில் கலந்தது, இது வேறு என்று அறிவுக்குத் தெரிந்தது. அடுத்த அறையில் குழந்தை சற்று நேரம் அழாமல் இருந்தால் எழுந்துபோய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். மனைவி ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருப்பாள். வாந்தி வருகிறதா, கண் மஞ்சளாகிறதா, பாலை மறுக்கிறதா, கவனியுங்கள் என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஒரு மைக்ரோகிராம் என்பது வாழ்நாள் முழுக்கக் குடிப்பதற்கான வரம்பு, ஒரு நாள் அதைச் சிறிது தாண்டுவதால் உடனே கெடுதல் வந்துவிடாது என்பதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. அந்த இரண்டு புட்டிகளில் எவ்வளவு இருந்தது, இருந்ததா என்பதே எங்களுக்குத் தெரியப்போவதில்லை.

திங்கட்கிழமை காலை மேயர் காலின்ஸ் நிருபர்கள் முன்னால் ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரைக் குடித்துக் காட்டினார். தடை நீங்கியது. என் மனைவி மேலும் இரண்டு வாரம் புட்டித் தண்ணீரில்தான் சமைத்தாள். மேயர் குடித்தால் மேயருக்கு.

டொலீடோக்காரர்களுக்கு இதில் வலித்தது வேறு விஷயம். இந்தப் போரில் அவர்கள் ஒருமுறை ஜெயித்தவர்கள். 1960-களில் ஈரி ஏரி செத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. 1972-ல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டு, சாக்கடையைச் சுத்திகரித்து, சலவைத் தூளில் பாஸ்பரஸைக் குறைத்து, ஏரியை மீட்டார்கள். 1980-களில் அது உலகத்துக்கே உதாரணம். பாஸ்பரஸ்தான் பாசிக்குச் சோறு. சோற்றை நிறுத்தினால் பாசி போகும் என்பது அங்கே நிரூபணமானது. ஆனால் 1990-களின் நடுவிலிருந்து பச்சை திரும்ப வந்தது. 2011-ல் சுமார் ஐயாயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அதுவரை காணாத படலம். 2015-ல் அதையும் மிஞ்சியது. 2014-ல் எங்களை அலறவிட்டது உண்மையில் அவ்வளவு பெரிய படலமே அல்ல. காற்று அதை உறிஞ்சு நிலையத்தின் பக்கம் தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

ஏன் திரும்ப வந்தது என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. மேற்கிலிருந்து வந்து விழும் மாமி நதி மக்காச்சோள, சோயா வயல்களின் உரத்தைக் கொண்டுவருகிறது. 1980-களின் இறுதியில் கப்பல்களோடு வந்து சேர்ந்த ஒரு வெளிநாட்டுச் சிப்பி, ஏரியின் சமநிலையைக் குலைத்தது. இவற்றுக்கு மேலே மாறிவரும் வானிலை. 2011-ல் வசந்தகாலத்தில் பேய்மழை. வயல் உரம் ஏரிக்கு வந்தது. கோடையில் ஏரி பச்சையானது. அடுத்த ஆண்டு வறட்சி. பாசி மிகக் குறைவு. இந்தத் தொடர்பு அவ்வளவு உறுதியாக இருப்பதால் வசந்தகாலத்தில் நதி கொண்டுவரும் பாஸ்பரஸை அளந்து, கோடையில் எவ்வளவு பாசி வரும் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமக்கக்கூடிய ஈரம் ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடும். நிதானமாகப் பெய்ய வேண்டிய மழை ஒரே மூச்சில் கொட்டினால் மண்ணுக்கு உறிஞ்ச நேரம் இல்லை. உரம் ஓடுகிறது.

சோறு வந்த பிறகு மீதியைச் சூடு செய்கிறது. மற்றப் பாசிகள் பல மிதமான தண்ணீரில் நன்றாக வளரும். நீலப்பசும் பாசிக்கு 25 டிகிரிக்கு மேலே போனால்தான் உற்சாகம். வெயிலில் மேல்தண்ணீர் சூடாகி லேசாகிறது. கீழ்த்தண்ணீர் குளிர்ந்து கனமாகக் கிடக்கிறது. காற்றும் அடிக்காவிட்டால் இரண்டும் கலப்பதில்லை. கலக்காத தண்ணீரில் மற்றப் பாசிகள் மூழ்கிப்போகும். மைக்ரோசிஸ்டிஸ் மூழ்காது. அதன் செல்லுக்குள் காற்று நிரம்பிய நுண்ணிய அறைகள் இருக்கின்றன. அதனால் மிதந்து மேலே வந்து வெளிச்சத்தை மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும். கீழே இருப்பவைக்கு இருட்டு. படலம் வெயிலை வாங்கித் தண்ணீரை இன்னும் சூடாக்கும். அடியில் பிராணவாயு தீர்ந்துபோனால், எத்தனையோ வருஷமாகச் சேற்றில் அடங்கிக் கிடந்த பாஸ்பரஸ் கழன்று தண்ணீருக்கு வரும். நைனிதால் ஏரியில் 2007-லிருந்து அடித்தண்ணீருக்குக் குழாய் போட்டுக் காற்று செலுத்துகிறார்களே, அது இதற்காகத்தான்.

ஊருக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை ஹுசேன் சாகர் போனேன். முப்பத்தாறு வருஷமாகப் பார்க்கும் ஏரி. பதினாறாம் நூற்றாண்டில் குதுப் ஷாஹிகள் காலத்தில் வெட்டியது. ஒரு காலத்தில் ஊருக்கே குடிநீர் தந்தது. 1980-களில் மகளை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்து டாங்க் பண்ட் கூட்டிப்போவேன். புத்தர் சிலை அப்போது இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் கரையோரம் கெட்டியான பச்சை ஒதுங்கும். "அப்பா, யாரோ பெயிண்ட் கொட்டிட்டாங்க" என்பாள். மூக்கைப் பொத்திக்கொண்டு மிளகாய் பஜ்ஜி தின்போம். சாக்கடை நாற்றம், மழை வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆகஸ்டில் மழை பெய்துகொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையும் கரையோரம் அதே பெயிண்ட். டொலீடோவில் டெலிவிஷனில் மூன்று நாள் காட்டிய அதே பச்சை. என் மகளுக்கு அது சொந்த ஊரிலேயே அறிமுகமான எதிரி.

இங்கே ஒரு கேள்வி நியாயமானது. ஹைதராபாத் எப்போதும் சூடுதானே, 25 டிகிரி என்ன பெரிய விஷயம்? உண்மை. குளிர்தேசத்து ஏரியில் பாசிக்குக் கோடை மட்டும்தான் பருவம். நம் ஊரில் வருஷம் முழுக்கப் பருவமாக முடியும். நம்மிடம் அதைத் தடுத்துக்கொண்டிருந்தது குளிர்ந்த இரவும், காற்றும், தவறாமல் வந்து ஏரியைக் கழுவிவிடும் மழையும். இரவு குளிர்ந்தால் மேல்தண்ணீரும் குளிர்ந்து இறங்கும், ஏரி கலங்கும். இரவும் சூடாகவே இருந்தால் கலங்காது. மழையோ, வராமல் போக்குக்காட்டுகிறது, அல்லது 2020 அக்டோபரில் வந்த மாதிரி வருகிறது. அன்று பேகம்பேட்டில் ஒரே நாளில் ஏறக்குறைய 19 செ.மீ. கொட்டியது. ஹுசேன் சாகர் நிரம்பியது. நிரப்பியது வெறும் மழையா? கூகட்பல்லி நாலாவும் மற்ற நாலாக்களும் ஊரின் கழிவையெல்லாம் வாரிக்கொண்டு வந்தன. அதற்குப் பிறகு வெயிலும் அசைவற்ற நாட்களும் வந்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்?

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பகுதிக் கூட்டம் ஒன்றில் இதைச் சொன்னேன். வந்திருந்த ஓர் அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கிளைமேட் சேஞ்ச் சார், நம்ம கையில் என்ன இருக்கு?" என்றார். கை தட்டல்கூடக் கிடைத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பெல்லாம் இதே ஆசாமிகள் மழை வந்தால் சரியாகிவிடும் என்பார்கள். இப்போது மழையையே காரணமாக்கிவிட்டார்கள். வெயில் ஏரிக்குள் ஒரு சிட்டிகை பாஸ்பரஸ்கூடப் போடுவதில்லை. போடுவது நம் கழிவறையும் சலவைத் தூளும் உரமும். நான் ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்தவன், எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன்: அசல் நாம் வாங்கியது. வட்டி விகிதத்தைத்தான் வெயில் உயர்த்தியிருக்கிறது. பழைய விகிதத்தில் சமாளித்த கடன் புதிய விகிதத்தில் மூழ்கடிக்கும். அதற்காக அசலைக் கட்டாமல் இருக்க முடியுமா?

இது என் சொந்தக் கற்பனை இல்லை. 2019-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, செயற்கைக்கோள் படங்களை வைத்து 33 நாடுகளில் 71 பெரிய ஏரிகளை மூன்று பத்தாண்டுக் காலத்துக்குப் பரிசீலித்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட ஏரிகளில் கோடைகாலப் பாசி தீவிரமாகியிருந்தது. பாசி குறைந்த ஏரிகளும் இருந்தன. அவை மற்றவற்றைவிடக் குறைவாகச் சூடேறிய ஏரிகள். ஏரியைச் சுத்தம் செய்யப் பாடுபடுகிறவர்களின் உழைப்பை வெப்பம் ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கலாம் என்பது அந்த ஆய்வின் சந்தேகம். 2016-ல் அமெரிக்காவும் கனடாவும் ஈரி ஏரிக்கு வரும் பாஸ்பரஸை 2008-ன் அளவிலிருந்து 40 சதவீதம் குறைப்பதாக இலக்கு வைத்தார்கள். 1972-ல் செய்த வேலையை மறுபடி, இன்னும் கடுமையாக. நம் ஊரிலும் வேலை நடக்காமல் இல்லை. சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஜப்பான் கடனுதவியோடு ஒரு பெரிய திட்டமும் நடந்தது. நாற்றம் சில வருஷம் குறைந்தது. பிறகு மூக்கைப் பொத்தினோம்.

ஹுசேன் சாகரை இன்று யாரும் குடிப்பதில்லை, உண்மைதான். எங்கள் குழாயில் வருவது கிருஷ்ணா, கோதாவரித் தண்ணீர். ஆனால் போபாலில் பெரிய தாலாபைக் குடிக்கிறார்கள். நைனிதாலில் ஏரியைக் குடிக்கிறார்கள். நாடு முழுக்க எத்தனையோ சிற்றூர்களில் ஊருணியையும் அணையையும் குடிக்கிறார்கள். அங்கேயெல்லாம் தாய்மார்கள் என் மனைவியைப் போலவே அக்கறையாகக் கொதிக்க வைக்கிறார்கள். கடலில் பாசி பெருகுவதைச் செயற்கைக்கோள் வழியே கவனித்துத் தகவல் தரும் இன்காய்ஸ் என்ற மத்திய நிறுவனம் எங்கள் ஹைதராபாதில்தான் இருக்கிறது. அரபிக் கடலையும் வங்காள விரிகுடாவையும் இங்கிருந்தே பார்க்கிறார்கள். டாங்க் பண்டைப் பார்க்க அதே மாதிரி ஒரு கண் வேண்டும்.

என் மகள் இப்போதும் டொலீடோவில்தான் இருக்கிறாள். ஜூலை பிறந்தால் மழை வருமா என்று பார்ப்பதற்கு முன் பாசி வருமா என்று பார்க்கிறாள். 2023 டிசம்பரில் பேத்தியை அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒன்பது வயது. டாங்க் பண்ட் கூட்டிப்போனேன். டிசம்பரில் பச்சை இருக்காது என்று எண்ணியிருந்தேன். லும்பினி பூங்காப் பக்கம் படிந்திருந்தது. அவள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் எதையோ தேடினாள்.

"போர்டு எங்கே தாத்தா?"

"என்ன போர்டு?"

"தண்ணியைத் தொடாதீங்கன்னு போர்டு. எங்க ஊர்ல பச்சை வந்தா பீச்ல வெப்பாங்களே."

நாங்கள் நின்ற இடத்தில் தெரிந்த பலகை படகுச் சவாரிக்கான கட்டணப் பலகை மட்டும்தான். அதற்குச் சற்றுத் தள்ளி, கரைக் கற்களில் ஒருவர் குந்தி உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி. பேத்தி எட்டிப் பார்த்தாள். மூன்று மீன்கள், வாளி நிறைய ஏரித் தண்ணீரில், இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன. கிலோ எவ்வளவு வேண்டும் என்று அவர் தெலுங்கில் என்னைக் கேட்டார்.